ஆறு மணிக்கு அணைந்த விளக்கு

14.3.2026, சனிக்கிழமை. இரவு 11.10.

கொடுவா மீன்கள் முட்டையிட நீண்ட பகல் வேண்டும். அதற்காகவே எங்கள் சிங்கப்பூர்ப் பண்ணைத் தொட்டிகளின் மேல் காலை ஆறு முதல் இரவு எட்டு வரை விளக்கெரிய ஏற்பாடு. ஜனவரி 17 அன்று மின்சாரம் போய் வந்தபின் டைமரை நானே திருத்தி அமைத்தேன். ஜனவரி 29க்குப் பிறகு தாய்மீன்கள் ஒரு முட்டையும் இடவில்லை.

இன்று மாலை என்னை இருக்கச் சொல்லியிருந்த முதலாளி ஹமீது, ஆறு மணியளவில் தொட்டியருகே வந்தார்.

“இதுங்க கிழடாயிடுச்சுண்ணே. காலையில லாரி வருது, தேக்கா மார்க்கெட்டுக்குப் போகட்டும். உங்கள மட்டும் வச்சுக்கிறேன் லா!” என்று சிரித்தார்.

அப்போது விளக்குகள் அணைந்தன. மணி சரியாக ஆறு. நாள்தோறும் ஐந்துக்கே கிளம்பிவிடும் நான் இதை ஒருநாளும் பார்த்ததில்லை. டைமரின் 24 மணிக் கணக்கில் 20 என்று வைக்க வேண்டிய இடத்தில் 18 என்று வைத்திருக்கிறேன். எட்டாண்டுகளாக வளர்த்த பதினொரு மீன்களின் பகலைக் குறைத்தவன் நானே.

“என்னண்ணே, அதுக்குள்ள ஆஃப் ஆயிடுச்சு?”

“அதோட டைம் இதாங்க” என்றேன்.

லாரி ஐந்தரைக்கு வரும். விளக்கெரிய அரை மணி முன்னதாக. ஹமீதின் எண்ணை இருமுறை அழுத்தி, மணியடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இப்போது 11.40.