லதீசனின் முழங்கை

2 யூலை 2006, ஞாயிறு

இன்றும் தோற்றோம். பேஸ்பால் தோன்றிய நாள்முதல் மனித குலம் இப்படியொரு தோல்வியைக் கண்டதில்லை. ஒல்லாந்தில் மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே இந்த விளையாட்டைக் கரைத்துக் குடித்தவன் நான். லண்டனுக்கு வந்து கோலியர்ஸ் வுட் பொடியளை வைத்து அணி திரட்டிய மாபெரும் தளபதி. கிடைத்த படையோ முழுக்கக் கிரிக்கெட்காரர்.

கிருஷாந் பந்தை நல்லாய்த்தான் அடித்தான். அடித்தவன் துடுப்பைப் போட்டுவிட்டு, பேஸ் என்ற நான்கு மூலைகளையும் சுற்றி ஓடவேண்டும். இவன் துடுப்போடு ஓடி, முதல் பேஸில் அதை நிலத்தில் தொட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்தான். இரண்டாவது ஓட்டமாம்! எதிரணிக்காரர் சிரித்து முடித்து, ஆறுதலாக அவனை அவுட் ஆக்கினார்கள்.

9 யூலை

தோல்வி. இம்முறை லதீசன்.

என் மச்சான் சச்சிதானந்தனின் கிரிக்கெட் கழகத்தில் பந்து வீசியவன். கை மடங்குகிறது, இது வீச்சல்ல எறி என்று அம்பயர்மார் நோபோலுக்கு மேல் நோபோல் கொடுக்க, கழகம் அவனைக் கழித்துவிட்டது. நான் அள்ளிக்கொண்டேன். எறிவதற்கென்றே உண்டான விளையாட்டல்லவா இது! பயிற்சியில் அவன் எறிந்தால் தேம்ஸ் இரண்டாகப் பிளந்து வழிவிடும்.

ஆனால் ஆட்டத்தில் அம்பயரைக் கண்டானோ, முழங்கை விறைத்துவிடும். கையை நேராக நீட்டிக்கொண்டு வீசுகிறான். அடிப்பவனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவள் துஷ்யா, என் தங்கை மகள். பந்து அவளுடைய தலைக்கு மேலால் போகிறது. ஒவ்வொரு பந்துக்கும் அம்பயரின் முகத்தைப் பார்க்கிறான், அகதி வழக்குத் தீர்ப்புக்கு நிற்பவன் மாதிரி.

"முழங்கையை மடக்கடா" என்று நான் கத்தியது லண்டனின் மறுகோடியிலிருக்கும் குட்மேய்ஸ் வரை கேட்டிருக்கும். இன்னும் நேராக்கினான்.

12 யூலை, புதன்

மச்சான் தேத்தண்ணி குடிக்க வந்தார். குடித்தது என் இரத்தத்தை. ஓகஸ்ட் முடிவதற்குள் ஓர் ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைக்கவேண்டுமாம், பொடியள் தன் கழகத்துக்குத் திரும்பவேண்டுமாம்.

"லதீசனும் தானே?" என்று கேட்டேன்.

"அவனை விட்டிட்டு."

ஒன்றென்ன, எல்லாவற்றையும் வென்று காட்டுகிறேன் என்று கைகொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தனான்? வாய் எண்டு ஒண்டு இருக்கே எனக்கு.

30 யூலை

தோல்வி. எழுத விருப்பமில்லை.

6 ஓகஸ்ட்

தன்னம்பிக்கைதான் குறை என்று கண்டுபிடித்தேன். ஆட்டத்துக்கு முன் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி லதீசனைப் புகழ்ந்தேன். உன் வலது கை ஓர் ஏவுகணை, உலகமே உன்னை நம்பியிருக்கிறது என்றேன். எனக்கே கண் கலங்கியது. அவன் முதல் பந்தை என்னை நோக்கி எறிந்தான். வேணுமெண்டு இல்லை, முழங்கை அப்படி விறைத்திருந்தது.

"மாமா, நீங்கள் கதைக்கக் கதைக்கத்தான் அவருக்குப் பயம் கூடுது" என்றாள் துஷ்யா. என்ன அநியாயம்!

முடிந்தபின் லதீசன் கையுறையை என் காரின் மேல் வைத்தான். "வேற ஆளைப் பாருங்கோ அண்ணை. கிரிக்கெட்டிலயும் ஏலாமல் போச்சு, இதிலயும் ஏலாது."

வேற ஆளோ? எங்க போய்ப் பிடிக்கிறது? சொல்லன் பாப்பம்.

27 ஓகஸ்ட்

கடைசி வாய்ப்பு. துஷ்யா அவன் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தாள். வந்தவன் பழையபடி நேரான கை.

எனக்குப் பொறுக்கவில்லை. மைதானத்துக்குள் இறங்கி அம்பயரிடம் போனேன். முழங்கையை மடக்கி எறிவது சட்டப்படி சரி என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கச் சொன்னேன். மனுசன் என்னை விசரன் என்று நினைத்திருக்கவேண்டும். போய் இரும் என்றார். அறிவித்தால்தான் போவேன், இது ஓர் இனத்தின் மானப் பிரச்சினை என்றேன். கையை நீட்டிக் கார்த் தரிப்பிடத்தைக் காட்டினார். என்னை! வெளியேற்றிப்போட்டார்!

காருக்குள் இருந்தேன். அங்கிருந்து மைதானம் தெரியாது. நடுவில் ஒரு பெரிய கூச்சல். சரி, முடிஞ்சுது கதை, மச்சானுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

துஷ்யா கண்ணாடியில் தட்டினாள். ஐந்துக்கு நான்கு. யார் ஐந்து என்று கேட்டேன். நாங்களாம்.

பின்னால் லதீசன் வந்தான். "அம்பயர் கையை நீட்டினவுடன எனக்குத்தான் நோபோல் எண்டு நினைச்சன் அண்ணை. பாத்தால் உங்களுக்கு. சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. பிறகு அந்தாளைப் பாக்கவே தோணேல்ல, எறிஞ்சுகொண்டே இருந்தன்."

3 செப்டெம்பர்

இன்று சிநேகபூர்வ ஆட்டம். மச்சானும் பார்க்க வந்தார். வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்து, கல்லுப்போல் நின்றேன். முதல் இரண்டு பந்தும் நேரான கை. லதீசன் என் பக்கம் நடந்து வந்தான்.

"அண்ணை, அம்பயரிட்டப் போய் ஏதாவது கதையுங்கோவன்."

இதைக் காருக்குள் இருந்து எழுதுகிறேன். அங்கே ஒரே ஆரவாரம். பசிக்கிறது. கொண்டுவந்த ரோல்ஸ் பலகாரம் முழுவதும் மைதானத்தில்.