நீ நிறுத்திய எஞ்சின்

நேற்று மரக்காணம் கடைத்தெருவில் கரண்ட் போய்விட்டது. மருந்துக் கடைக்காரர் வாசலில் இருந்த ஜெனரேட்டரைக் கிளப்பினார். டீசல் புகை மூக்கில் ஏறியதும், மாத்திரையை வாங்காமலே தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். கூட வந்த மருமகள், "என்னா மாமா, மயக்கமா இருக்குதா?" என்று ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடமாவது நிஜத்தைச் சொல்கிறேன். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, அந்த வாசனைக்குப் பக்கத்தில் என்னால் இன்னும் நிற்க முடியவில்லை.

எழுபதுகளில் உப்பளத்துக்கு மேற்கே முள்ளை வெட்டிப் பதினோரு குடும்பம் குடியேறினோமே, அதை ஊர் என்று சொன்னால் மரக்காணத்து ஆட்கள் சிரிப்பார்கள். மாதா கோயில்கூட ஓலைக் கொட்டகைதான். பங்குச் சாமியார் மாசத்தில் ஒரு ஞாயிறு சைக்கிளில் வந்து பூசை வைப்பார். உன் நிலமும் என் நிலமும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிய கிணறு, ஆளுக்கு ஒரு நாள் முறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதால் எல்லாவற்றிலும் உன் பேச்சுதான் எடுபட வேண்டும் உனக்கு. பெரும்பாலும் எடுபடவும் செய்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தக் கிணற்றின் குணம் நமக்குத்தான் தெரியும். மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். இரண்டு மூன்று மணி நேரம் இறைத்தால் நல்லது தீர்ந்து உப்பு ஏறிவிடும். அது ஒரு தடவை பாய்ந்தாலே நிலக்கடலைச் செடி கருகிப்போகும். மடை திருப்புகிறவன் நிலத்தின் கோடியில் இருப்பான், அவனால் ஓடி ஓடி வர முடியாது. அதனால் இன்னொருவன் குழாய் வாயில் உட்கார்ந்து, அடிக்கடி கையில் ஏந்தி வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். என் நாக்கை நீ நம்பியதே இல்லை. "உன் வாயில பொகையில இருக்குது, உப்பு எங்க தெரியப் போவுது" என்பாய். உன் முறையானாலும் என் முறையானாலும் குழாயடியில் நீதான். மண்வெட்டியோடு சேற்றில் நிற்பது நான்தான்.

ஆயில் எஞ்சினை மேலே வைத்தால் கோடையில் தண்ணீரை இழுக்காது. கிணற்றுக்குள்ளேயே பத்தடி கீழே மேடை வெட்டி இறக்கி வைத்திருந்தோம். கடல் காற்றில் அது துருப்பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அன்று காலை லேசாகத் தூறியது. என் முறை. எஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே வந்ததும், நனையக் கூடாதே என்று கிணற்றின் வாயில் சவுக்குக் கழிகளைக் குறுக்கே போட்டு, தென்னங்கீத்துகளைப் பரப்பிக் கட்டினேன். ஏறி இறங்க ஒரு மூலையை மட்டும் விட்டேன். புகை போக அது போதும் என்று நினைத்தேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் புகையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நீ வந்து பார்த்துவிட்டு, "எஞ்சினுக்கு ஊடு கட்டிட்ட. சாமியாரக் கூப்ட்டு மந்திரிச்சிடலாமா?" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடலை பூத்து விழுது இறங்குகிற சமயம். நான் கோடிப் பாத்தியில் நின்றிருந்தேன். நீ கையைத் தூக்கி, "உப்பு ஏறிடுச்சு, மடையக் கட்டு, நான் போய் நிறுத்தறேன்" என்று கத்தினாய். கீத்தைப் பிரித்துவிட்டு இறங்க உனக்குப் பொறுமை இல்லை. நீ தாமதித்தால் உப்பு என் வயலுக்குள் வந்துவிடும். நான் குனிந்து மண்ணை வெட்டிப் போட்டேன். எஞ்சின் சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது. வாய்க்காலில் தேங்கியதைத் தரிசுப் பக்கம் திருப்பிவிட்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, மெதுவாகத்தான் வந்தேன்.

குழாயடியில் நீ இல்லை. மூலை வழியாக எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். கூப்பிட்டேன், நீ அசையவில்லை. இறங்கக் காலை வைத்தபோது, உனக்குக் கஞ்சி கொண்டுவந்த அண்ணி பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "பொகை அடைச்சிருக்குது தம்பி. நீங்களும் போவாதீங்க. மொதல்ல இத்தப் பிரிங்க." நான் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்கே கை வரவில்லை. அண்ணிதான் கத்தியால் அறுத்துத் தள்ளினார். ஆட்கள் ஓடிவந்து கயிறு கட்டி உன்னைத் தூக்கியபோது, ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நம் புது ஊரில் அதுவரை யாரும் செத்ததில்லை. கல்லறைக்கென்று இடம் ஒதுக்கவே நமக்குத் தோன்றியிருக்கவில்லை. சாமியார் வந்து கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். முதல் குழி உன்னுடையது, நானும் வெட்டினேன். இதிலும் நீ முந்திக்கொள்ள வேண்டுமா என்று உன்மேல் கோபமாக வந்தது.

இப்போது அங்கே கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் தூர் வாரவோ பாம்பு பிடிக்கவோ யாராவது கிணற்றில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நான் போய் நின்றுவிடுவேன். மேலே ஓலை கிடந்தாலும் தகரம் கிடந்தாலும் எடுக்கச் சொல்லி, காற்றுப் போகட்டும் என்று நேரம் கடத்துவேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ போன அந்த வருஷம் என் வயலில் ஒரு செடிகூடக் கருகவில்லை. அவ்வளவு பச்சையைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அண்ணி எதிரே வந்தால் வேறு வழியாகப் போனேன். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும்தான் தைரியம் வந்தது.

"அண்ணி, கெணத்த மூடுனது நான்தான்."

"தெரியும் தம்பி. அந்தக் கீத்த மொடைஞ்சது யாரு? நான்தான். அப்ப என்னையும் சேத்துக்குங்க." பிறகு, "கடலை எப்பப் புடுங்கறீங்க?" என்று கேட்டார்.

"நான் புடுங்கப் போறதில்ல அண்ணி. மாடு மேஞ்சிட்டுப் போவட்டும்."

அண்ணி என்னை நேராகப் பார்த்தார். "அப்ப அவரு எதுக்கு எறங்குனாரு?"

நான் மாட்டை விடவில்லை. கடலை பிடுங்கிய அன்று வயலுக்கு முதலில் வந்தது அண்ணிதான். முதல் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, நாலு காயை உடைத்துப் பருப்பை என் கையில் வைத்தார். "தின்னுங்க தம்பி" என்றார். தின்னும்வரை அங்கேயே நின்றார். ஈரம் காயாத கடலை. தொண்டையில் இறங்காது என்று நினைத்துத்தான் வாயில் போட்டேன். இனிப்பாக இருந்தது. நீ போன இரண்டாம் மாசம், உன் மனைவி எதிரே நிற்கும்போது, எனக்கு அது இனித்தது. அண்ணியிடம் சொல்லவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் வைத்திருந்தேன்.