மாப்பிள்ளை எடுத்த கல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும்.

அம்மாவின் பித்தக் குழாயில் கல் அடைத்துக் கண் மஞ்சளானபோது, வாய் வழியே குழாய் விட்டு எண்டோஸ்கோபியில் எடுக்க வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று சொன்னதே இவர்தான். அம்மா கேட்கவில்லை. வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது ஊர் பேர் தெரியாதவரிடம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும், பெண்ணைக் கொடுத்ததற்கு இந்த ஒரு கல்லையாவது எடுக்கட்டும் என்று சிரித்தாள். இவரே செய்தார், கல் சுத்தமாக வந்துவிட்டது. அன்று மாலையே வயிற்றில் தொடங்கிய வலி முதுகு வரை போனது. ரத்தத்தில் கணைய என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கணையம் வீங்குமாம், யார் செய்தாலும் வரலாமாம். அதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே அம்மாவைத் தன் கூட வேலை பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். நீ வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னதும் இவரைத்தான் கேட்டேன்.

"நான் எது சொன்னாலும் என்னைக் காப்பாத்திக்கறதுக்காகச் சொன்ன மாதிரி இருக்கும். நீயே முடிவு பண்ணு" என்றார்.

மாற்றினால் கட்டியவரை நம்பாதவள். மாற்றாவிட்டால் பெற்றவளைப் பணயம் வைத்தவள். நான் எங்கே போவேன், சொல்.

மறுநாள் என்சைம் பாதியாக இறங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன். இவருக்குச் சந்தோஷமில்லை. கணையம் புண்பட்டதை மட்டும்தான் அது காட்டுமாம், எவ்வளவு மோசமாகும் என்று காட்டாதாம். ரத்தத்தில் யூரியாவும், உடம்பின் அழற்சியைக் காட்டும் இன்னொரு அளவும் ஏறிக்கொண்டிருந்தன. டாக்டரம்மாவும் அதையே சொல்லி, வழியில் மூச்சு முட்டலாம், இப்போது நகர்த்த வேண்டாம் என்றார். இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அதைத்தான் உன்னிடம் சொல்லத் துணிவில்லாமல் போனை வைத்தேன்.

நேற்று மூச்சு சீராகி, ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். இன்று ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். கணையத்தைச் சுற்றி இன்னும் நீர் கோத்திருக்கிறது, தேறப் பல வாரம் ஆகுமாம். விழுங்கியதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "மாப்பிள்ள ஏன் உள்ள வர மாட்டேங்கறாரு?"

தினமும் கதவு வரை வருகிறார். நர்ஸிடம் ரிசல்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, அப்படியே திரும்பிவிடுகிறார். வீட்டில் தட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஆறுதல் சொல்ல வாய் வரை வருகிறது, அம்மா முனகியது காதில் கேட்கிறது, சொல்லாமல் எழுந்துபோய்விடுகிறேன்.

நீ கிளம்பிவிட்டதாக அண்ணி சொன்னாள். வா. அவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேள், நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் அம்மாவைப் பார்க்க உள்ளே போகும்போது அவர் கையையும் பிடித்து அழைத்துக்கொண்டு போ. நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், அண்ணா.

பத்திரமாக வந்து சேர்.

உன் தங்கை