பேட்டரி விழுங்கிய நேரம்

தன்யஸ்ரீ அப்பாவுக்கு,

பாப்பா பிழைத்துக்கொண்டாள். நேரில் கேட்டால் என் குரல் உயர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

காலையில் சத்தியமங்கலம் பஸ்ஸில் இருந்த உங்களிடம் போனில், "பாப்பா எச்சில் ஒழுக்கிட்டே இருக்குதுங்க" என்று மட்டும்தான் சொன்னேன். உடனே நீங்கள், "தேன் குடு, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றீர்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கியிருப்பது எக்ஸ்ரேயில்தான் எனக்குத் தெரிந்தது.

மயக்க மருந்து டாக்டரம்மா, "எப்ப முழுங்குச்சுங்க?" என்றார். தெரியாது என்றேன். "வயிறு காலியாகற வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க, உள்ள வெந்துபோயிரும்" என்று அப்போதே மயக்கம் கொடுத்தார். பேட்டரியை எடுத்துவிட்டார்கள்.

பிறகு கேட்டார்: "தேன் குடுத்தது நல்லதாப் போச்சுங்க அம்மணி. பேட்டரி முழுங்கினாத்தான் புண்ணு ஆழமாகாம இருக்கத் தேன் குடுக்கச் சொல்லுவோம். பேட்டரின்னு அப்பவே தெரியுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க, அவங்கப்பாதான் தேன் குடுக்கச் சொன்னாருங்க" என்றேன்.

எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தது என்று தெரிந்தால்தான் புண்ணின் ஆழத்தைக் கணிக்க முடியுமாம். எனக்கு எந்த விளக்கமும் வேண்டாம். டாக்டரம்மாவிடம் நேரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கட்டிலருகிலிருந்து,
பாப்பாவின் அம்மா