கெடிகேக்கு ஒரு தேங்காய்

1963 ஓகஸ்ட் 10, சனி.

மாத்தளைக்கு வடக்கே உள்ள நாலந்தா கெடிகேயை நேரில் பார்த்து நான் வரைந்த படத்தில் ஒரு பகுதியை, இன்று மாத்தளைக் கூட்டத்தில் எங்கள் சைவ சங்கத் தலைவர் ரப்பரால் அழித்தார். அந்தக் கற்கட்டடம் வெளியே அச்சாகப் பல்லவர் கோயில். உள்ளே இருப்பவர் புத்தர். இரண்டையும் வரைந்திருந்தேன். தலைவர் அழித்தது புத்தரை.

"சிவன் கோயிலுக்குள்ள புத்தருக்கு என்ன வேலை மாஸ்டர், கனவு கண்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அங்கே போனதே இல்லை.

நாளை, சென்னையிலிருந்து வந்திருக்கும் விருந்தினரை அங்கே கூட்டிப்போய் அர்ச்சனை செய்விக்கப் போகிறாராம்.

"தட்டுச் சாமானெல்லாம் நீங்க வாங்கிருங்க."

"சரிங்க" என்றேன். வில்வம்கூட வாங்கிவிட்டேன். தேங்காயைத் தட்டிப் பார்த்து நல்லதாக எடுத்தேன். நாளை தேங்காயும் கையுமாக அவர் முழிக்கும்போது சிரிக்க மாட்டேன். "நீங்க அழிச்சவர் இவருதாங்க" என்று விருந்தினர் காதில் விழும்படி சொல்வேன்.