வீட்டுக்கு ஒருவர்

8 நவம்பர் 1956, வியாழன்

மழை. வகுப்பு நடக்கிற கொட்டகையின் தகரக் கூரை போட்ட சத்தத்தில் வாய்ப்பாடு என் காதுக்கே எட்டவில்லை. பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வாயை மட்டும் அசைத்தார்கள்.

இந்தக் கொட்டகை முனிசிபலுக்குச் சொந்தம். வருடக் கடைசியோடு குத்தகை முடிகிறது. அடுத்த மாதம் நடக்கும் முனிசிபல் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு நிற்கிற ராஜரத்தினம் ஐயா, ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரசராக இருந்தவர், ஜெயித்தால் கொட்டகையைப் பெண்பிள்ளைகளுக்கே கேட்டு வாங்குவேன் என்கிறார். எதிர்த்து நிற்பவருக்கு இது குப்பை வண்டிகள் நிறுத்தத் தோதான இடம்.

கொட்டகை போனால் டவுனைத் தாண்டிப் பையன்களின் பள்ளிக்கூடம்தான். எந்த அம்மா அனுப்புவாள்? கோகிலாவின் அம்மா பொன்னம்மா அக்கா இப்போதே சொல்லிவிட்டார்: "பக்கத்துல இருக்கிறதால அனுப்புறேன் டீச்சர். இல்லன்னா சீனக் கடை தவுக்கே வீட்டுல புள்ள தூக்கப் போகட்டும்."

கோகிலாவுக்குப் பன்னிரண்டு வயது. என் அலமாரியில் இருந்ததையெல்லாம் படித்துவிட்டு, இன்னும் என்ன இருக்கு என்று நிற்கிறவள்.

10 நவம்பர், சனி

ராஜரத்தினம் ஐயாவின் நோட்டீஸ் வந்தது. யாரையோ விட்டுக் கதவிடுக்கில் போடச் சொல்லியிருக்கிறார். நான்கு பக்கமும் கறுப்புக் கட்டம்! அச்சுக்கூடத்துக்காரனுக்கு அழகாகத் தெரிந்ததோ என்னவோ. அண்ணி அதைக் கையால்கூடத் தொடவில்லை. விளக்குமாற்றால் வெளியே தள்ளினார்.

"கருமாதிக் கடுதாசியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள போட்டுட்டுப் போறானுங்க."

"ஓட்டுக் கேட்டு வந்தது அண்ணி."

"நல்ல காரியம்னா மூலையில மஞ்சள் தடவத் தெரியாதா?"

11 நவம்பர், ஞாயிறு

சந்து முழுக்க இதே பேச்சு. பொன்னம்மா அக்காவிடம் வாதாடிப் பார்த்தேன்.

"சாவுக்குத்தான் டீச்சர் அழைக்காம போவோம். அவரு வீட்டு விசேஷத்துக்கு நாங்களா போய் நிக்கணுமா?"

"இது அவர் வீட்டு விசேஷம் இல்லை அக்கா. நம்முடையது."

"அப்ப ஏன் அவரு பேரு போட்டிருக்கு?"

கேட்டுக்கொண்டே அவர் மீன்காரனிடம் போய்விட்டார்.

பிப்ரவரியில் திடலில், அடுத்த வருடம் இந்த நாட்டுக்கு வரப்போகிற சுதந்திரத்தின் தேதியை அறிவித்தபோது இந்தச் சந்தே காலியாகப் போய்ப் பார்த்ததே, அன்று யார் வெற்றிலை பாக்கு வைத்தார்கள்? வேடிக்கைக்கு அழைப்பு வேண்டாம், வேலைக்கு வேண்டுமா? என்ன ஜனம் இது!

14 நவம்பர், புதன்

ராஜரத்தினம் ஐயாவைப் பார்த்தேன். நேரில் போய் ஒரு தட்டு வைத்து அழைத்தால் என்ன என்று கேட்டேன்.

"நான் எப்படிம்மா தட்டு எடுப்பேன்? சம்சாரம் தவறி மூணு வருஷம் ஆச்சு. சுமங்கலிங்க வாசல்ல நான் போய் நின்னா அவங்களுக்கே சங்கடம்."

எத்தனை காயத்துக்குக் கட்டுப் போட்ட மனிதர். இவருமா? கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபிறகு அதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

18 நவம்பர், ஞாயிறு

அண்ணியைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். நான் கல்யாணமாகாதவள், தனியாகத் தட்டு எடுக்கக் கூடாதாம். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கற்கண்டு. பின்னால் நான், வாக்குச்சாவடி எது என்று விளக்கிக்கொண்டு.

நம்பவே முடியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முகம் மலர்ந்தது. பொன்னம்மா அக்கா குங்குமம் எடுத்துக்கொண்டு, "இப்படி முறையா வந்தா யாரு வேணாம்னு சொல்லப் போறா? கண்டிப்பா வர்றோம்" என்றார். தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்தை ஒட்டிய வீட்டு அம்மாவுக்குத் தமிழ் வராது. ஆனால் தட்டைப் பார்த்ததும் தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

அஞ்சலையின் வாசலை மட்டும் அண்ணி தாண்டிப் போனார். புருஷனைப் பறிகொடுத்தவள்.

"இந்த வீடு, அண்ணி?"

"பேசாம வா."

பேசாமல் போனேன்.

25 நவம்பர்

இவ்வளவுதானா! ஒரு கவுளி வெற்றிலையில் முடிகிற காரியத்துக்கு இத்தனை நாள் ஜனநாயகம் பற்றிப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேனே.

1 டிசம்பர், சனி

காலையிலேயே ஓட்டுப் போட்டேன். பிறகு வெளியே நின்று எங்கள் சந்து ஆட்களை எதிர்பார்த்தேன். வந்தார்கள். பொன்னம்மா அக்காவின் கணவர் பிச்சை அண்ணன் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியில். என் அண்ணன் கணேசமூர்த்தி. வீடு தவறாமல் ஆண்கள் வந்தார்கள். பின்னால் பெண்கள் வருவார்கள் என்று நின்றேன், நின்றேன் —

மத்தியானம் ஓடிப் போய்ப் பார்த்தால் பொன்னம்மா அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதான் அவரு போயிட்டு வந்துட்டாரே."

"அவர் ஓட்டு அவருக்கு அக்கா. உங்கள் ஓட்டு அங்கே சும்மா கிடக்கிறது!"

"வீட்டுக்கு ஒருத்தர் தலையக் காட்டினாப் போதாதா? கல்யாணத்துக்கே குடும்பத்தோட போனா, பந்திய அடைச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்கன்னு பேசுவாங்க."

அண்ணியோ அதற்கும் மேல். "உங்க அண்ணன் போட்டுட்டாரு. அதுக்கப்புறம் நானும் போனா, அவரு மேல நம்பிக்கை இல்லாம போனேன்னு ஆகாதா?" ஐயோ, நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்?

வாக்காளர் பட்டியலுக்குப் பேர் எழுத வந்த கிராணியிடம் இவர்கள் எல்லோரும் பேர் கொடுத்தார்கள். பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்கள்.

திரும்பிப் போனபோது வாக்குச்சாவடியிலிருந்து அஞ்சலை வந்துகொண்டிருந்தார். எனக்கு முகம் சுட்டது.

"அக்கா, உங்களை யாரும் வந்து —"

"எனக்கு யாரு தட்டு வைக்கப் போறா? வீட்டுக்கு ஒருத்தர்னு பேசிக்கிட்டாங்க. என் வீட்டுல நான்தானே அந்த ஒருத்தர்?" சிரித்தார். "பென்சிலக் கட்டிப் போட்டிருக்கானுங்க, பாத்தியா? தூக்கிட்டுப் போயிருவோமாம்."

2 டிசம்பர், ஞாயிறு

தோற்றுவிட்டார். பதினோரு ஓட்டில்.

அண்ணன்தான் செய்தி கொண்டுவந்தார். "நல்ல போட்டி" என்று சொல்லிவிட்டுப் பசியாற உட்கார்ந்தார். அண்ணி தோசையைத் திருப்பிப் போட்டார்.

5 டிசம்பர்

தட்டை வீட்டுக்கு வைத்தேன். ஆளுக்கு வைத்தேனா?

31 டிசம்பர், திங்கள்

கொட்டகைச் சாவியைக் கொடுத்தாயிற்று. கரும்பலகையை எடுத்துப்போக விட்டார்கள்.

20 ஜனவரி 1957, ஞாயிறு

எங்கள் முன்னறையில் வகுப்பு நடத்திப் பார்த்தேன். முதல் வாரம் அறை கொள்ளவில்லை. அண்ணன் தம் நண்பர்கள் உட்கார இடமில்லை என்றார். அப்புறம் ஐந்து பேர். இந்த வாரம் மூன்று.

சாயங்காலம் பொன்னம்மா அக்கா வந்தார். உட்காரவில்லை.

"தவுக்கே வீட்டுல கோகிலாவ நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க டீச்சர்."

வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

"அழுதுக்கிட்டே இருக்கா. நம்ம கொட்டகையில குப்பை வண்டி நிக்குதே, அந்த வழியாத்தான் போகணும். வேற வழியா போறேங்கிறா." வாசல் நிலையைத் தடவினார். "எம்புட்டு ஓட்டுல போச்சுன்னு சொன்னாங்க?"

"பதினொன்று."

அவர் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டது. உதடு அசைந்தது — முதலில் தன் பெயர்தான் என்று நினைக்கிறேன். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார். அண்ணி. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்தது. மாமியாரும் மருமகளும் இருக்கிற வீட்டில் கட்டைவிரல் இரண்டு கணு நகர்ந்தது. அஞ்சலையின் வாசலில் நகரவில்லை.

எதிர்ச்சாரியில் பாதிகூட வருவதற்குள் கட்டைவிரல் பதினோராவது கணுவைத் தாண்டிவிட்டது. கையை மூடிக்கொண்டார்.

"வர்றேன் டீச்சர்."