கைகட்டி நின்றவர்கள்

வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது மெயின் பஜார் வழியாக வந்தேன். ரெடிமேட் கடை ஒன்றின் வாசலில் புது நைட்டிகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிரித்த துணியின் கஞ்சி வாசனை, நெற்றியில் இருந்த விபூதி மணத்தையும் தாண்டி வந்து மோதியது. அப்படியே நின்றுவிட்டேன். நீ கண்ணை மூடியபின் அந்தத் தெருவில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து இரண்டு கடை தள்ளித்தான் உன் கடை இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். அதனால் வியாபாரமே நடைபாதையில்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சிநேகிதிக்குத் துணையாக நானும் வந்துவிடுவேன். நீ கொக்கிக் கழியால் மேல் கம்பியில் நைட்டிகளை ஏற்றுவாய். நான் மேசையில் குழந்தைகள் உடுப்பை அடுக்குவேன். வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்காதவள் நான். என் அடுக்கில் விளிம்பு பிசகாது. "ஏண்டி, கொலுவா வக்கிற? கும்புட்டுட்டு போயிடுவாங்க" என்று ஒரே இழுப்பில் கலைத்துவிடுவாய். கலைந்த குவியலில்தான் பெண்கள் கைவிட்டுத் தேடினார்கள்.

ஒன்று மட்டும் நம் இருவருக்கும் பிடிபடவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து நிலக்கரிச் சுரங்கத்து ஆண்கள் கூட்டமாக வருவார்கள். கைகட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். ஒருவரும் தொடமாட்டார்கள். போய்விடுவார்கள். சிரித்துவிட்டுப் போகிற நிலையில் நீ இல்லை. உன் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான். "பொங்கலுக்குள்ள ஓடலன்னா கடைய மூடு, குறிஞ்சிப்பாடிக்கே போயிடலாம்" என்று சொல்லியிருந்தார். ஷிப்ட் விட்டு உன்னை அழைக்க வருபவர், எதிர்ப்பக்க மரத்தடியில் சைக்கிளோடு நிற்பாரே தவிர கடைப்பக்கம் வந்ததில்லை. "முனீஸ்வரன் செலையாட்டம் நிக்கிறத பாரு. புடிக்கல அவருக்கு" என்பாய். உனக்கோ ஊருக்குத் திரும்பிப் போக மனமில்லை. உனக்கென்று வாய்திறந்து நீ கேட்டு வாங்கியது அந்தக் கடை ஒன்றுதான்.

"நைட்டிய பாத்துக் கூச்சப்படுறாங்க" என்றேன் நான். நைட்டிகளை உள்ளே தள்ளிச் சட்டைகளை முன்னால் மாட்டினோம். அப்போதும் பார்வைதான். "வெலய பாத்து பயந்துக்கினு போறாங்க" என்றாய் நீ. விலைச்சீட்டைக் கழற்றினோம். அதற்கும் பார்வைதான்.

ஒருநாள் ஒருவர் மஞ்சள் ஃபிராக் ஒன்றின் முன் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். முகவாயால் காட்டி, "அத்த நீங்களே கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கம்மா" என்றார்.

"எடுத்துப் பாருங்களேன், கடிக்காது" என்றாய் நீ.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கரி. "பாப்பா உடுப்புங்க" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். மறுநாள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், மக், சோப்பு, துண்டு. துணிக்கடை வாசலில் ஆண்கள் வரிசையாகக் கைகழுவினார்கள். பக்கத்துக் கடைக்காரர், "என்னம்மா, எல போடப் போறீங்களா?" என்று கேலி செய்தார். "மொய் எழுதிட்டு ஒக்காருங்கண்ணே" என்றாய்.

பொங்கல் நெருங்கிய ஒரு பகலில் உன் வீட்டுக்காரர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார். மூடச் சொல்லத்தான் வருகிறார் என்று நான் முருகனை வேண்டிக்கொண்டேன். அவர் வாளியருகே குனிந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். பொறுமையாகத் துடைத்தார். சரிந்து கிடந்த ஒரு பட்டுப்பாவாடையை எடுத்து, தையலைத் திருப்பிப் பார்த்து, ஹேங்கரில் மாட்டி உன்னிடம் நீட்டினார். "இத்த ஒசரத்துல மாட்டு. மரத்தடிலேர்ந்து பாத்தா தெரியும்" என்றார். கடையை மூடுவதைப் பற்றி அதன்பின் பேச்சே எழவில்லை.

அத்தனை நாளும் அவரை அந்த மரத்தடியில் நிறுத்தியது கையிலிருந்த கரியா, மனதிலிருந்த கோபமா? "கேட்டியா?" என்று எத்தனை முறை உன்னைத் துளைத்திருப்பேன். "கேட்டா அவருக்கே தெரியாது, போடி" என்றே கடைசிவரை சொல்லிவிட்டுப் போனாய்.

எனக்குத்தான் அது விடவில்லை. கோயிலில் பிரசாத வரிசைக்கு வெளியே, கல்யாணக்கூடத்தின் ஓரத்தில், யாராவது தள்ளி நின்றால் கர்வம் என்று முடிவுகட்ட இப்போது மனம் வருவதில்லை. ஏன் நிற்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் போய்க் கேட்டேவிடுகிறேன். பாதிப்பேர் பதில் சொல்வதில்லை. மீதிப்பேர் சொன்னது, நான் நினைத்துப் போனதாக ஒருநாளும் இருந்ததில்லை.